கடல் வலப்பக்கமாக வந்த வழி
ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 கோயில்களை இணைக்கும் யாத்திரைப் பாதையில், முரோத்தோ முனையில் உள்ள 24ஆம் கோயிலிலிருந்து 23ஆம் கோயிலை நோக்கி, 2024இல் எதிர்த்திசையில் நடந்தேன். பிராகாரத்தை வலம்வந்தே பழகிய மனத்துக்கு முதல் நாள் சங்கடமாகத்தான் இருந்தது. ஏறத்தாழ 75 கிலோமீட்டரும் பசிபிக் பெருங்கடல் வலப்பக்கமாகவே கூட வந்தது. அம்புக்குறிகள் எதிரே வருபவர்களுக்காக வைக்கப்பட்டவை என்பதால், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, கம்பத்தின் மறுபுறத்தைத் திரும்பிப் பார்த்த பிறகே மேலே நடக்க முடிந்தது. இந்த யாத்திரையின் மூலவராகப் போற்றப்படும் பௌத்தத் துறவி கோபோ தைஷியைத் தேடி இருபது முறை சுற்றியும் காணாத எமோன் சபுரோ என்ற செல்வந்தர், திசை மாற்றி நடந்தபோதுதான் அவரைச் சந்தித்தார் என்பது ஐதீகம். லீப் ஆண்டில் இவ்வாறு நடப்பது பெரும் புண்ணியம் என்பார்கள். எனக்கோ எதிரே வந்த ஒவ்வொரு யாத்திரிகரின் முகமும் தரிசனமாக வாய்த்தது. வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்த முதியவர் ஒருவர், கைத்தடியை மார்போடு அணைத்து, குனிந்து வணங்கிவிட்டுக் கடந்து போனார்.