செவுரு நேரா இருக்கும்னு நம்பி கட் பண்ணிடாதீங்க

பெங்களூரு அல்சூர்ல எங்க வீட்டு ஹால்ல டிவி செவுத்துக்கு பேனல் அடிக்கிற வேலை போன வாரம்தான் முடிஞ்சுது. செவுரு 10 அடி அகலம், ரீப்பர் (மரச் சட்டம்) அடிச்சு அது மேல 12 எம்எம் பிளைவுட், பிளை மேல 1 எம்எம் லேமினேட். ஷீட் 8க்கு 4, அதனால ரெண்டு முழு பேனல், ரெண்டு ஜாயின்ட்லயும் 3 எம்எம் க்ரூவ் (இடைவெளி) விட்டா கடைசித் துண்டு 1 அடி 11 முக்கால் இன்ச். கீழ அளந்தேன், சரியா இருந்துச்சு, கட் பண்ணச் சொல்லிட்டேன். ஆசாரி அண்ணன் தர்மபுரிக்காரர், "தம்பி மேலயும் நடுவுலயும் ஒரு தடவ அளந்துக்கலாம்"னு சொன்னாரு, எங்க அபார்ட்மென்ட்ல மத்தியானம் 2 மணிக்கு மேல மெஷின் ஓட்டக்கூடாது, அந்த அவசரத்துல நான் கேக்கல.

நிறுத்திப் பாத்தா கீழ ஒட்டி நிக்குது, மேல 8 எம்எம் சந்து. தூக்குக்குண்டு விட்டுப் பாத்தப்பதான் மூலைச் செவுரே சாஞ்சிருக்குன்னு தெரிஞ்சுது. லேமினேட் ஒட்டின துண்டு, அப்படியே வேஸ்ட். மனசே ஆறல.

அடுத்த துண்ட அண்ணன் செஞ்ச விதம்தான் எல்லாரும் தெரிஞ்சுக்கணும். அரை இன்ச் அகலம் கூட வச்சு வெட்டி, பக்கத்து பேனல் மேல ஏறின மாதிரி ரசமட்டம் பாத்து நேரா நிறுத்தி, செவுத்துப் பக்கம் இன்னும் எவ்வளவு தள்ளணுமோ அவ்வளவுக்கு காம்பஸ விரிச்சு, முள்ளு செவுத்த ஒட்டி இறங்க பென்சில் பேனல் மேல கோடு போட்டுக்கிட்டே வருது, செவுத்தோட மேடு பள்ளம் எல்லாம் அப்படியே வந்துடுச்சு! லேமினேட் பேந்துடக்கூடாதுன்னு முதல்லயே மாஸ்க்கிங் டேப் ஒட்டி அது மேலதான் கோடு, ஜிக்சா மெஷின்ல பல்லு கீழ பாக்குற பிளேடு. கோட்டுக்கு ஒரு நூல் (அரைக்கால் இன்ச்) வெளிய வெட்டி மிச்சத்த இழைப்புளில கொஞ்சம் கொஞ்சமா எடுத்தாரு, அதுவும் பின்பக்கம் லேசா சாய்ச்சு, முன் விளிம்பு மட்டும் செவுத்துல உக்காரணும்னு.

ஸ்விட்ச் பாக்ஸுக்கு அளக்குற டேப்பே எடுக்கல, பாக்ஸ் விளிம்புல சாக்பீஸ் தேச்சு பேனல அழுத்தினாரு, பின்னாடி அச்சு விழுந்துச்சு, அங்கேர்ந்தே வெட்டிட்டாரு. கீழ அரை இன்ச் தூக்கிதான் அடிச்சிருக்கோம், வீடு துடைக்கிற தண்ணி பிளைல ஏறாம இருக்க, ஸ்கர்ட்டிங் அத மறைச்சிடுது.

இப்ப அந்த மூலையில விசிட்டிங் கார்டு கூட நுழையல. ஞாயித்துக்கெழம பெட்ரூம் செவுரு ஆரம்பிக்கிறோம், நேத்தே மூணு எடத்துலயும் அளந்து எழுதி வச்சுட்டேன்.