வாக்காளர் அட்டையும் ஆயுதம்தான்

போராட்டம் என்றாலே ஆட்சியைக் கவிழ்ப்பதுதான் என்று நினைப்பவர்கள் மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகல் பக்கம் கொஞ்சம் பார்க்கலாம்.

2011 ஜனவரி. தலைநகர் டக்காரில் ஓயாத மின்வெட்டு. வெறுத்துப்போன சில ராப் பாடகர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து 'யான் அ மார்' என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். 'போதும்டா சாமி' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூனில் அதிபர் அப்துலாய் வாத் தேர்தல் விதியையே மாற்றப் பார்த்தார்: முதல் சுற்றில் 25 சதவீத வாக்கு வாங்கினாலே வெற்றி. எண்பதைத் தாண்டிய மனிதர், மூன்றாம் முறை நாற்காலிக்குப் போட்ட கணக்கு! ஜூன் 23 அன்று நாடாளுமன்றத்தின் முன் கூட்டம் திரண்டது. கல்லெறி, கண்ணீர்ப்புகை எல்லாம் இருந்தன. முழுக்க அமைதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கே மசோதா வாபஸ்.

எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. இந்தப் பையன்கள் தெருவோடு நின்றுவிடவில்லை. இளைஞர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கிளம்பினார்கள். 'என் வாக்காளர் அட்டை, என் ஆயுதம்' என்பதுதான் கோஷம். அரசியல் சாசன மன்றம் வாத்தைப் போட்டியிட அனுமதித்தது. 2012 மார்ச்சில் மக்கள் தோற்கடித்தார்கள். அவரும் தேர்தலில் ஜெயித்த மாக்கி சாலுக்குப் போன் போட்டு வாழ்த்திவிட்டு இறங்கிப் போனார்.

சரி, சால் மட்டும் சும்மா இருந்தாரா? 2024 பிப்ரவரித் தேர்தலைத் தள்ளிவைத்தார். மறுபடியும் எதிர்ப்பு. இந்த முறை அதே சாசன மன்றம் அது செல்லாது என்றது. மார்ச் 24 வாக்குப்பதிவு. பத்து நாள் முன்புதான் சிறையிலிருந்து வெளியே வந்த எதிர்க்கட்சி வேட்பாளர் பாசிரு ஜோமாய் ஃபாய் முதல் சுற்றிலேயே ஜெயித்து அதிபரானார்.