ஒன்று மெலிந்தால்

“தம்பி, இதில ஓர் இலக்கம் விடுபட்டுப் போச்சுதோ?”

இன்று காலை கொம்பனித்தெருவில், ஆண்டறிக்கையின் தமிழ்ப் படியில் அடிமட்டத்தை நிமிர்த்தி வைத்தபடி மூத்த கணக்காளர் ஒருவர் கேட்டார். 980,640 என்ற தொகையின் கீழே 111,111 குட்டையாக நின்றது.

எதுவும் விடுபடவில்லை. அறிக்கைக்கான தமிழ் எழுத்துருவில் உரைநடைக்கென நான் ஒடுக்கி வரைந்த ‘1’ அட்டவணைக்குள்ளும் புகுந்துவிட்டது; கணக்குக்கு வேண்டியதோ, பூச்சியம் முதல் ஒன்பது வரை எல்லா இலக்கங்களும் ஒரே அகலத்தில் நிற்கும் தனித் தொகுதி. மொத்தத் தொகையைத் தடித்த எழுத்தில் இட்டாலும் அந்த அகலம் மாறக் கூடாது. (நட்டத்தைக் காட்டும் அடைப்புக்குறி வேறு வலது ஓரத்தைக் குலைக்கும்.)

எழுத்துகளின் பாடு இதைவிடக் கடினம்.

‘வரிக்கு முன்னரான இலாபம்’ என்பதை ஆங்கிலத்துக்கென அளந்த நிரலுக்குள் அடக்க வேண்டுமென்றால், முதலில் சிறுப்பது தமிழ்தான். அந்த அளவில் ‘ண’வின் சுழிகள் அடைபட்டுக் கரும்புள்ளியாகிவிடுகின்றன. அதனாலேயே இந்த எழுத்துருக் குடும்பத்தில், சுழிகளைத் திறந்துவிட்டு அகலத்தை மட்டும் குறைத்த ஒடுங்கிய வடிவமொன்றையும் வரைந்து வருகிறேன்.

மாலையில், ஒன்றின் காலடியில் சிறு கோடிட்டு அகலப்படுத்திய புதிய படியை நீட்டினேன்.

அவர் மறுபடியும் அடிமட்டத்தைத்தான் எடுத்தார்.