டிரிக்வி ஹ்லினாசோன்: பெயிண்டை விட்டு வெளியே வராத சென்டர்

ஐஸ்லாந்தின் கூடைப்பந்து சென்டர் (ரிங்குக்கு முன்னாலுள்ள 'பெயிண்ட்' என்ற கட்டத்தில் ஆடும் உயரமான ஆட்டக்காரர்) டிரிக்வி ஹ்லினாசோன் ஆடுவதைப் பார்த்தால், அவர் செய்யாத விஷயங்கள்தான் முதலில் கண்ணில் படும். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிவதை நம்பி அவர் ஆட்டம் இல்லை. பந்தை இரண்டு தடவைக்கு மேல் தட்டுவதும் அபூர்வம். 2.16 மீட்டர் உயரம், ஸ்கிரீன் (கூட்டாளிக்காக எதிராளியின் வழியில் நின்று மறிப்பது), ரீபவுண்ட் (தவறிய எறியின் பந்தைப் பிடிப்பது), ரிங்கைக் காப்பது, இவ்வளவுதான் கையிருப்பு. இதை வைத்துக்கொண்டு 2017-லிருந்து ஸ்பெயினில் பிழைக்கிறார். ஐரோப்பாவின் உள்நாட்டு லீக்குகளிலேயே கடினமானது அது என்று தயங்காமல் சொல்லலாம்.

1997-ல் பிறந்தவர். ஊர், வட ஐஸ்லாந்தின் பௌர்தார்தாலுர் பள்ளத்தாக்கில் ஒரு செம்மறியாட்டுப் பண்ணை. (ஹ்லினாசோன் என்றால் 'ஹ்லினியின் மகன்'. குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான்.) படிக்க ஆக்குரேரி நகரத்துக்கு வந்த பிறகு, 16 வயது வாக்கில்தான் முறையான பயிற்சி ஆரம்பம். அங்கே தோர் ஆக்குரேரி கிளப். நான்கு வருஷம்கூட ஆகவில்லை, ஸ்பெயினின் வலென்சியா கிளப் கூப்பிட்டுவிட்டது. அதே 2017 கோடையில் கிரீட் தீவில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியப் போட்டியில் சிறந்த ஐவரில் ஒருவராகத் தேர்வானார்.

உயரம் மட்டுமே காரணம் என்று நினைத்தால் தப்பு. அவருக்குச் சாதகமாக ஒரு காகித விஷயமும் இருந்தது. ஸ்பெயின் லீக்கில் 12 பேர் பட்டியல் என்றால் குறைந்தது 4 பேர் அந்நாட்டுப் பயிற்சி முறையில் வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும், ஐரோப்பிய வட்டத்துக்கு வெளியே இருந்து 2 பேருக்குத்தான் இடம். அந்த இரண்டும் பெரும்பாலும் அமெரிக்கர்களுக்குப் போய்விடும். ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருக்கிறது. அதனால் டிரிக்வி அந்த 2 இடத்தைத் தொடாமலே பட்டியலுக்குள் வருவார். ஜெர்மனியில் கணக்கு வேறு: 6 ஜெர்மானியர், மீதி 6 யாராகவும் இருக்கலாம். அங்கே ஐஸ்லாந்து பாஸ்போர்ட்டுக்குத் தனி மதிப்பு இல்லை, அமெரிக்கர்களோடு நேரடிப் போட்டிதான். இன்னொரு ஐஸ்லாந்துக்காரரான மார்டின் ஹெர்மான்சோன் அங்கே ஆல்பா பெர்லின் கிளப்பில் இடம் பிடித்து 2020-ல் லீக், கோப்பை இரண்டையும் வென்றது அதனால்தான் பெரிய விஷயம்.

2018-ல் அமெரிக்க லீக்கான என்.பி.ஏ.வின் டிராஃப்டில், அதாவது அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், டிரிக்வி பெயர் கொடுத்தார். 60 பேரில் ஒருவராக வரவில்லை. அந்த லீக்கின் டொரொன்டோ அணிக்காக, புதியவர்களைச் சோதித்துப் பார்க்கும் சம்மர் லீக் ஆடிவிட்டுத் திரும்பினார். அவருக்கு ஐரோப்பாவில் ஆடும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிகள்தான் பொருந்தும் என்பது என் கட்சி. என்.பி.ஏ.வில் காக்க ஆள் யாரும் அருகில் இல்லாமல் பெயிண்டுக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஃபிபாவில் தடுக்கும் அணிக்கு அந்தத் தடையே இல்லை, ரிங்கடியில் குடியே இருக்கலாம். இன்னொன்று, எறிந்த பந்து ரிங்கில் பட்டுவிட்டால் ஃபிபாவில் யார் வேண்டுமானாலும் தட்டலாம். ரிங்கின் விளிம்பில் உருண்டுகொண்டிருக்கும் பந்தை மேலிருந்து வழித்து எறிவதற்கு இவரைப் போன்ற கை வேண்டும். என்.பி.ஏ.வில் அதே செயலுக்கு எதிரணிக்குப் புள்ளி கொடுத்துவிடுவார்கள்.

பிக் அண்ட் ரோலை (ஸ்கிரீன் போட்டவர் அப்படியே திரும்பி ரிங்கை நோக்கி ஓடும் ஆட்டம்) எடுத்துக்கொள்வோம். பந்தைக் கொண்டுவரும் எதிரணி கார்ட் ஸ்கிரீனைச் சுற்றி வரும்போது டிரிக்வி மேலேறிப் பிடிக்கப் போவதில்லை. ஃப்ரீ த்ரோ கோட்டுக்குக் கீழே நின்று பின்னோக்கி நகர்வார், ஒரு கை பந்துக்கு, மற்றொரு கை பாஸ் போகும் வழிக்கு. தன் கார்ட் பின்னாலிருந்து துரத்தி வந்து சேரும்வரை, ஏறக்குறைய இரண்டு நொடி, இரண்டு பேரையும் தனியாகத் தாங்க வேண்டும். சொதப்புவது பெரும்பாலும் இவரால் இல்லை. கூட்டாளி கார்ட் ஸ்கிரீனில் மோதி நின்றுவிட்டால் நான்கைந்து மீட்டரில் எதிரணிக்குத் தடையில்லாத எறி கிடைக்கும். அதைத் தடுக்க இவர் ஓரடி முன்னால் வைத்தால் தலைக்கு மேல் லாப் (உயரத் தூக்கிப் போடும் பாஸ்), டங்க் (பந்தை ரிங்குக்குள் நேரே திணிப்பது).

இதைவிடத் தொல்லை, ஸ்கிரீன் போட்ட சென்டரே 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியே போய் நின்று எறிபவராக இருந்தால். ஐந்து மீட்டர் ஓடிப் போய்க் கை தூக்குவதற்குள் பந்து போய்விடும். அப்படிப்பட்ட ஆளை எதிரணி இறக்கும்போது இவரை பெஞ்சுக்கு அனுப்பும் பயிற்சியாளரைக் குறை சொல்ல முடியாது.

தாமதமாக ஆரம்பித்தவர்களுக்கு உடம்பு சீக்கிரம் தயாராகிவிடும், ஃபவுல் கணக்குதான் பிடிபடாது. 40 நிமிடத்துக்கு 5 ஃபவுல்தான். கையை நேரே மேலே நீட்டிக் குதித்தால் தப்பலாம், மணிக்கட்டு கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலும் விசில். ஸ்கிரீனிலும் அதே கதை: பாதம் இரண்டும் ஊன்றுவதற்குள் ரோலுக்குக் கிளம்பினால் இடுப்பு நகரும், பந்து எதிரணிக்கு. இதெல்லாம் ஆடி ஆடித்தான் வரும், பெரிய கிளப்பின் பெஞ்சில் உட்கார்ந்து வராது. வலென்சியாவிலிருந்து ஸ்பெயினின் இன்னொரு கிளப்பான ஒப்ராடோய்ரோவுக்கு இரவல் போனது அந்த வகையில் நல்ல முடிவு. 2019-லிருந்து சரகோசா, 2023-லிருந்து பில்பாவோ. 2025-ல் பில்பாவோ ஃபிபா ஐரோப்பியக் கோப்பையை வென்றது, அந்த கிளப்பின் முதல் ஐரோப்பியப் பட்டம்.

தேசிய அணியில் அவர் வேலை இரட்டிப்பு. 2022 பிப்ரவரியில் இத்தாலியை இரண்டு கூடுதல் நேரம் ஆடி 107-105 என்று வீழ்த்திய ஆட்டத்தில் 34 புள்ளி, 21 ரீபவுண்ட். அடுத்த ஆண்டு உலகக் கோப்பைத் தகுதிக்கு திபிலிசியில் ஜார்ஜியாவை 4 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடிக்க வேண்டியிருந்தது. ஜெயித்தார்கள், 3 புள்ளியில். 2025-ல் துருக்கியை ரெய்க்யாவிக்கில் வென்று ஐரோப்பிய நாடுகளின் போட்டியான யூரோபாஸ்கெட்டுக்குப் போனார்கள். போலந்தின் கடோவிட்சேயில் ஐந்து ஆட்டமும் தோல்வி. 2015, 2017-ஐயும் சேர்த்தால் அந்தப் போட்டியில் ஐஸ்லாந்து ஆடிய 15-லும் வெற்றி கிடையாது. டிரிக்வி மூச்சு வாங்கி பெஞ்சுக்குப் போகும்போது அவர் உயரத்துக்குப் பக்கத்தில் வர இன்னொருவர் அணியில் இல்லை. அந்தச் சில நிமிடம் ஐந்து பேரும் ஸ்கிரீனுக்கு ஸ்கிரீன் ஆளை மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள், எதிரணி சென்டர் சாவகாசமாக ரிங்குக்குப் பக்கத்தில், லோ போஸ்ட்டில், இடம் பிடித்துக் கை நீட்டிப் பந்து கேட்கிறார்.