வார்டில் வந்த காசநோயும் டபிள்யூ.சி.எல். 14 படிவமும்

காசநோயாளிகளுக்கென்று உள்ள தனி வார்டில் நான் ஒருநாளும் வேலை செய்ததில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஓர் அரசு மருத்துவமனையின் பெண்கள் பொது மருத்துவ வார்டில் சிஸ்டராக இருக்கிறேன். சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரகக் கோளாறு, பக்கவாதம் என்று வருகிறவர்களைப் பார்க்கும் வார்டு அது. அங்கேதான் எனக்குக் காசநோய் தொற்றியது. இதைக் கேட்டு உறவினர்கள் திகைக்கிறார்கள். டர்பன் அடங்கிய குவாஜூலு-நட்டால் மாகாணத்தில் வேலை பார்க்கும் தாதியர் யாரும் திகைக்கமாட்டார்கள்.

நோய் இன்னதென்று தெரிந்து மருந்து தொடங்கிவிட்ட காசநோயாளியைக் கண்டு நாங்கள் அஞ்சுவதில்லை. சரியான மருந்து உடலில் சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலோர் பிறருக்குத் தொற்றவைக்கும் நிலையைத் தாண்டிவிடுகிறார்கள். நோய் இருப்பதே தெரியாத நோயாளிதான் ஆபத்து. கால் வீக்கத்துக்காகவோ மூச்சுத்திணறலுக்காகவோ சேர்க்கப்பட்ட ஒரு ஜூலு மூதாட்டி இரவெல்லாம் இருமிக்கொண்டிருப்பார். குளிர்காலம் என்றால் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சன்னலை மூடச் சொல்வார்கள். அவருடைய சளி ஆய்வகத்துக்குப் போய் முடிவு திரும்புவதற்குள், அவரைத் தூக்கி உட்காரவைத்தவர், ரத்தம் எடுத்தவர், விரிப்பு மாற்றியவர், எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போனவர், கட்டிலுக்கடியில் துடைத்தவர் எல்லோருமே அந்தக் காற்றைச் சுவாசித்திருப்பார்கள். ஆம்புலன்ஸில் அழைத்துவந்தவர்கள் நிலை இன்னும் மோசம். மூடிய வண்டிக்குள் அவருடைய முகத்தருகே குனிந்தபடியே வந்திருப்பார்கள்.

எங்கள் மாகாணம் இதற்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறது. டுகேலா ஃபெரி என்ற சிற்றூரின் மருத்துவமனையில் பரவியிருந்த, பெரும்பாலான மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் 2006-இல் உலகத்துக்குத் தெரியவந்தது. அது கண்டறியப்பட்ட 53 பேரில் 52 பேர் இறந்துபோனார்கள். மருத்துவமனைப் பணியாளர்களும் அந்த நோய்க்கு ஆளானார்கள். அப்போது நான் பயிற்சி மாணவி. அந்த எண்களை வகுப்பில் கேட்ட பிறகு, இருமல் சத்தம் என் காதில் வேறுவிதமாக விழத் தொடங்கியது.

எனக்கு நோய் வெளிப்பட்டது புரட்டாசியில். எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுவதும் விரதம். டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான். உடல் இளைத்ததை எல்லோரும் விரதக் கணக்கில் சேர்த்தார்கள். மாமியார் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "விரதம் இருக்கிற எனக்கு ராத்திரியில் தலையணை நனைவதில்லையே அம்மா, உனக்கு மட்டும் ஏன் நனைகிறது? நாளைக்கே பரிசோதனைக்குக் கொடு" என்றார். அவருடைய தாயார் காசநோயால் இறந்தவர். கரும்புத் தோட்டக் குடியிருப்பின் ஒற்றை அறையில் அந்த இருமலைக் கேட்டபடி வளர்ந்தவர் அவர்.

மறுநாள் சளி கொடுத்தேன். 2011-இல் இந்த நாட்டுக்குள் வந்த ஜீன்எக்ஸ்பர்ட் கருவி, சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்பதையும், ரிஃபாம்பிசின் என்ற முதன்மை மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். எனக்கு வந்தது மருந்துக்குக் கட்டுப்படும் வகை. அந்த வரியைப் படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். நிம்மதியில் வந்த அழுகை அது. கட்டுப்படாத வகை வந்த மூத்த சிஸ்டர் ஒருவருக்குப் பல மாதங்கள் கனமைசின் ஊசி போட்டார்கள். நோய் போனது, காதும் போனது. நோயாளி கூப்பிட்டால் கேட்காது என்பதால் அவர் வார்டு வேலையையே விட்டுப்போனார். 2018-இல் தென்னாப்பிரிக்கா அந்த ஊசிகளுக்குப் பதிலாகப் பெடாக்விலின் மாத்திரையைக் கொண்டுவந்தது. அவருக்கு அது மிகவும் தாமதம்.

மருத்துவம் எனக்குத் தெரிந்த பாதை. நான் எழுத வந்தது காகிதங்களைப் பற்றி.

முடிவு வந்த அன்றே எச்.ஆர். பிரிவில் விடுப்புப் படிவம் கொடுத்தார்கள். அது சாதாரண நோய்விடுப்புப் படிவம். அரசு ஊழியர்களுக்கு மூன்றாண்டுச் சுற்றில் முழுச் சம்பளத்துடன் 36 வேலைநாட்கள்தான் அந்த விடுப்பு. வேலையால் வந்த நோய்க்கு வேறொரு விடுப்பு இருக்கிறது. வேலை செய்ய முடியாத காலம் முழுவதற்கும் அது கிடைக்கும், அந்த 36 நாட்களைத் தொடாது. இந்த இரண்டு படிவங்களில் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதில்தான் பின்னால் வரும் எல்லாமே அடங்கியிருக்கிறது. சாதாரண விடுப்பில் போய்விட்டால், நம்முடைய நோய் நம் சொந்த விஷயம் என்று கோப்பு சொல்லும். ஒரு வருடம் கழித்து மூச்சு வாங்கும்போது அந்தக் கோப்பைத்தான் எடுத்துப் படிப்பார்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. எதிரே இருந்தவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி ஒவ்வொரு தாதியிடமும் கேட்கப்படுவது: "இங்கேதான் வந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? டாக்ஸியில் வந்திருக்கலாம், கோவில் கூட்டத்தில் வந்திருக்கலாம்." காய்ச்சலோடு நிற்கும் ஒருவரால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியிலேயே பலர் தளர்ந்துபோய், நீட்டிய படிவத்தில் கையெழுத்திட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். என் கண்ணெதிரே அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

பதிலைச் சட்டமே வைத்திருக்கிறது. 1993-ஆம் ஆண்டின் 130-ஆம் எண் சட்டம், வேலையில் ஏற்படும் காயங்களுக்கும் நோய்களுக்கும் இழப்பீடு தருவது. எந்த வேலைக்கு எந்த நோய் என்று அதன் மூன்றாம் அட்டவணை பட்டியலிடுகிறது. அந்த வேலையில் இருந்தவருக்கு அந்த நோய் வந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அது வேலையால் வந்ததாகவே கொள்ளவேண்டும் என்கிறது 66-ஆம் பிரிவு. மருத்துவப் பணியாளருக்கு வரும் நுரையீரல் காசநோயை எப்படிக் கையாளவேண்டும் என்று 178-ஆம் எண் சுற்றறிக்கையே தனியாக இருக்கிறது. எங்கள் சங்கப் பிரதிநிதி இவற்றை அச்சிட்டு, தேவையான வரிகளுக்கு அடிக்கோடிட்டு எடுத்துவந்தார். "சிஸ்டர், நீங்கள் கெஞ்ச வேண்டாம். இந்தப் பக்கத்தை மேசைமேல் வைத்துவிட்டு அமைதியாக உட்காருங்கள்" என்றார். அப்படியே செய்தேன். படிவம் மாறியது.

பிறகு காகிதங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. முதலாளி தரவேண்டிய நோய் அறிக்கை டபிள்யூ.சி.எல். 1. நோய் தெரியவந்த 14 நாட்களுக்குள் அவர்கள் அதை அனுப்பியாக வேண்டும். நோயைத் தெரிவித்து இழப்பீடு கேட்டு நாம் எழுதவேண்டியது டபிள்யூ.சி.எல். 14. மருத்துவரின் முதல் அறிக்கை டபிள்யூ.சி.எல். 22, தொடர் அறிக்கைகளும் இறுதி அறிக்கையும் டபிள்யூ.சி.எல். 26. எங்கெங்கே, எவ்வளவு காலம், எந்தச் சூழலில் வேலை செய்தோம் என்பதற்கு டபிள்யூ.சி.எல். 110. இவற்றோடு ஆய்வக முடிவும் எக்ஸ்ரேயும்.

இவற்றில் எல்லோரும் அவசரமாக நிரப்புவது 110-ஐத்தான். அதில்தான் நான் மிகுதியாக நேரம் செலவிட்டேன். "மருத்துவ வார்டு" என்று ஒரே சொல்லில் எழுதினால் படிக்கிறவருக்கு எதுவும் விளங்காது. எத்தனை கட்டில்கள், எத்தனை சன்னல்கள் திறக்கும், இருமும் நோயாளியைத் தனியே வைக்க அறை இருக்கிறதா, சளி எடுக்கும்போது எங்கே நின்று எடுக்கிறோம், என்95 முகக்கவசம் எந்த மாதங்களில் கிடைக்கவில்லை என்று எழுதினேன். அறுவைசிகிச்சைக்குப் போடும் மெல்லிய கவசம் நம் இருமலைத் தடுக்கும், எதிராளியின் கிருமியிலிருந்து நம்மைக் காக்காது. அதை மாட்டிக்கொண்டு வேலை செய்த நாட்களைப் "பாதுகாப்புடன்" என்று யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள். அதை அழித்துத் திருத்தும் வரை கையெழுத்திடவில்லை. மேட்ரன், முந்தைய மாதங்களில் எங்கள் வார்டிலேயே காசநோய் கண்டறியப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று, பெயர்களை விட்டுவிட்டு, எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். பணிமுறைப் பட்டியல்களின் நகல்களையும் இணைத்தார். கேட்காமலே செய்தார். அதை நான் மறக்கமாட்டேன்.

வேலையில் சேர்ந்தபோது எடுத்த எக்ஸ்ரே தெளிவாக இருந்ததும் உதவியது. 2022-இல் புதுப்பிக்கப்பட்ட, உயிரியல் அபாயங்களுக்கான விதிகள் பணியாளர்களின் உடல்நலக் கண்காணிப்பை முதலாளியின் கடமையாக்குகின்றன. ஆண்டுப் பரிசோதனைக்கு அழைத்தால் தட்டிக்கழிக்காமல் போய்விடுங்கள். இன்றைக்கு நீங்கள் நலமாக இருப்பதற்கு அதுதான் சான்று.

சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட ஒன்றுமில்லை. பைராசினமைடு மூட்டுகளை வாட்டியது. நரம்பு பாதிக்கப்படாமல் இருக்கப் பி6 வைட்டமின் கூடவே தந்தார்கள். வீட்டில் இருந்தவர்களையும் பரிசோதித்தார்கள். நோய் இல்லை என்று உறுதியான பிறகு என் கணவரும் மாமியாரும் வாரத்துக்கு ஒருமுறையாக 12 வாரம் தடுப்பு மருந்து சாப்பிட்டார்கள். மாமியார் அதை வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொண்டார், விளக்கேற்றிவிட்டு மாத்திரை. ஒரு வாரமும் தவறவில்லை.

உறவினர்கள் சிலர் என் தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்துவைத்தார்கள். காசநோய் பாத்திரத்தால் பரவாது, காற்றால்தான் பரவும். அடுத்து மாரியம்மன் கூழ் ஊற்றியபோது என்னைப் பந்திக்குக் கூப்பிடத் தயங்கினார்கள். அப்போது மருந்து தொடங்கி மாதங்கள் ஆகியிருந்தன, சளியில் கிருமி இல்லை. அதைவிட வருத்தம், மருத்துவமனைக்குள்ளேயே சில தாதியர் தங்கள் நோயை மறைத்து, வேறு ஊரில் போய் மருந்து வாங்குகிறார்கள் என்பது. காசநோய் என்றாலே எச்.ஐ.வி. என்று பேசுவார்களோ என்ற பயம். மறைத்துவிட்டால் டபிள்யூ.சி.எல். 14 கிடையாது. சட்டம் வைத்த கெடுவுக்குள் முதலாளிக்கோ இழப்பீட்டு ஆணையருக்கோ தெரிவிக்காவிட்டால் உரிமையே போய்விடுகிறது. சேவை செய்யும் வேலையில் வந்த நோய்க்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை என்று எந்த மேடையிலும் உரக்கச் சொல்வேன்.

பணம் பற்றியும் சொல்லவேண்டும். தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, சம்பளத்தில் 75 சதவீதத்தை இழப்பீடாகச் சட்டம் வைத்திருக்கிறது. முதல் மூன்று மாதத்துக்கு முதலாளி கொடுத்துவிட்டு இழப்பீட்டு நிதியத்திடமிருந்து திரும்பப் பெறவேண்டும். தனியார் மருத்துவமனைகளில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம். பதிலுக்கு, முதலாளிமேல் நஷ்டஈட்டு வழக்குப் போடும் உரிமையை 35-ஆம் பிரிவு எடுத்துவிடுகிறது. முதலாளியின் கவனக்குறைவு காரணம் என்றால் கூடுதல் இழப்பீடு கேட்க 56-ஆம் பிரிவு வழிவிடுகிறது. 2020-இல் கோவிட் தொற்றிய தாதியரும் இதே சட்டத்தின் கீழ்தான் விண்ணப்பித்தார்கள். அப்போது படிவம் நிரப்பிப் பழகியவர்கள்தான் எனக்கு வழிகாட்டினார்கள்.

என் கோரிக்கை ஏற்கப்பட்டது. சிகிச்சை முடிந்ததும் நுரையீரல் செயல்திறன் சோதனை செய்தார்கள். வலது நுரையீரலின் மேற்பகுதியில் தழும்பு இருக்கிறது, மாடிப்படி ஏறும்போது தெரிகிறது. அதே வார்டுக்குத்தான் திரும்பினேன். சேர்க்கைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் இருமல் எத்தனை நாளாக என்று முதலில் கேட்டு, சந்தேகம் இருந்தால் கவசம் கொடுத்து சன்னலோரக் கட்டிலில் படுக்கவைக்கிறோம். இளைய தாதியருக்கு என்95 முகத்தோடு பொருந்துகிறதா என்று சோதிக்காமல் உள்ளே விடுவதில்லை.

இப்போது என் கவலை எங்கள் வார்டைத் துடைக்கும் பெண்மணியைப் பற்றியது. அவருக்கும் காசநோய். அவர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் என்பதால் மருத்துவமனை அந்த நிறுவனத்தைக் காட்டுகிறது, நிறுவனம் மருத்துவமனையைக் காட்டுகிறது. சட்டப்படி அவருடைய முதலாளி அந்த நிறுவனம்தான். டபிள்யூ.சி.எல். 1 அவர்கள் தரவேண்டியது. அவர்கள் தரும்வரை காத்திருக்காமல், டபிள்யூ.சி.எல். 14-ஐயும் ஆய்வக முடிவையும் அவரே தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். நான் உடன் சென்றேன். நகலில் தேதி முத்திரை வாங்கியிருக்கிறோம். அவருக்கான 110-ஐ அவர் ஜூலுவில் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்தெந்தக் கட்டிலுக்கடியில் எத்தனை மணிக்குத் துடைப்பார், இருமுகிறவர்களின் சளிக்கிண்ணங்களை யார் கழுவுகிறார்கள் என்பதுவரை வந்திருக்கிறோம். கவசம் அவருக்கு யாரும் கொடுத்ததே இல்லை என்பதை அடுத்த பத்தியில் எழுதவேண்டும்.