குளத்துச் செய்திக்காக ஒரு தாளைத் தேடி அலைந்தோம்

எங்கள் பள்ளி மாணவர் இதழில் குளத்துச் செய்தி ஒருவழியாக வந்துவிட்டது. ஆசிரியர் குழு அமைத்தது, தலைமையாசிரியரின் அனுமதி, நகலெடுப்பது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. ஒரே ஒரு தாளை வாங்கத்தான் படாத பாடு பட்டோம்.

அவிநாசிப் பக்கத்து ஊர் எங்களுடையது. அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கியது. காளிங்கராயன் அணைக்கட்டைத் தாண்டி வரும் பவானியின் உபரி நீரால் 1,045 குளம் குட்டைகளை நிரப்ப வேண்டும். எங்கள் குளமோ காய்ந்தே கிடந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஊருக்குள் விசாரித்தார்கள். “குழாயை அடைத்து வைத்திருக்கிறார்கள், அம்மணி” என்றார் ஒரு பெரியவர். மோட்டார் பழுது என்றார் இன்னொருவர். ‘அதிகாரிகளின் அலட்சியம்’ என்று தலைப்போடு வந்து நின்றாள் ஒரு மாணவி. நான் நிறுத்திவைத்தேன். இருவருமே காதில் விழுந்ததைச் சொன்னார்கள். குழாயை நேரில் பார்த்தவர் யாருமில்லை.

இதழியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இதைச் செய்து பாருங்கள். குறிப்பேட்டின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘பார்த்தது’, ‘கேட்டது’, ‘தாளில் உள்ளது’ என்று பிள்ளைகளை எழுதவையுங்கள். யார், என்ன, எப்போது என்று மனப்பாடம் செய்வதைவிட இது கைகொடுக்கும். எங்கள் குறிப்பேட்டில் மூன்றாவது வகை ஒன்றுகூட இல்லை. அதற்காகத்தான் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினோம்.

‘ஏன் தண்ணீர் வரவில்லை?’ என்று மட்டும் கேட்காதீர்கள். விளக்கம் தர இயலாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள். நாங்கள் திட்டத்தில் சேர்ந்த குளங்களின் பட்டியலைப் புல எண்ணோடு (நிலத்தின் சர்வே எண்) கேட்டோம்.

மாணவியின் தாயார் கையெழுத்திட்டார். பனியன் கம்பெனியில் ஒரு ஷிப்ட் சம்பளத்தை விட்டுவிட்டு எங்களோடு அலுவலகத்துக்கு வந்தார். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனுவைத் தபால் பிரிவு எழுத்தர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார். பிறகு, இது எங்கள் பிரிவே இல்லை என்றார். கடைசியாக என்னைப் பார்த்து, “பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள், டீச்சர்” என்றார். அந்தத் தாயார் தலைகுனிந்ததை நினைத்தால் இன்னும் என் மனம் ஆறவில்லை.

அவர் சொன்ன இரண்டு காரணங்களும் செல்லாது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 6(2)இன்படி மனுதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை. வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால், பிரிவு 6(3)இன்படி 5 நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

30 நாள் கடந்தும் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு செய்தோம். அதற்குக் கட்டணம் கிடையாது. ரசீது கையில் இருந்ததால் மனுவே வரவில்லை என்று யாரும் சொல்ல முடியவில்லை. பட்டியல் வந்து சேர்ந்தது. கெடு தாண்டியதால் நகலுக்கும் பணம் கேட்கக் கூடாது, கேட்கவில்லை.

மங்கலான அந்த நகலில் எங்கள் குளத்தின் பெயர் இருந்தது. பிள்ளைகள் துள்ளிவிட்டார்கள். ஆனால் ஒரு மாணவன் புல எண்ணில் விரலை வைத்து, “டீச்சர், இது நம் எண் இல்லை” என்றான். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுச் சரிபார்த்தோம். அது பக்கத்து ஊராட்சியில் அதே பெயரில் உள்ள குட்டை! எங்கள் குளம் பட்டியலிலேயே இல்லை. அடைத்து வைக்கவோ பழுதாகவோ குழாயே வரவில்லை. பழைய தலைப்போடு வெளியிட்டிருந்தால் செய்யாத குற்றத்தை யார் யார் தலையிலோ கட்டியிருப்போம்.

‘திட்டப் பட்டியலில் நம் குளம் இல்லை’ என்ற தலைப்பில் செய்தி வந்தது. அக்டோபர் 2 கிராம சபையில் அந்தத் தாயாரே எழுந்து அதை வாசித்தார். குளத்தைச் சேர்க்கக் கோரித் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். தீர்மான நகலுக்கு அடுத்த மனுவை எழுதிவிட்டோம். இந்த முறை நேராகத் தபால் நிலையத்துக்குத்தான் போகிறோம்.