ஒன்றரையைக் கழிக்க மறந்த கதை

பார்வைப் பரிசோதனைக்கான பி.ஆப்டம் படிப்பில் சேர்ந்ததும் ஊரில் கேட்ட முதல் கேள்வி, "கண் டாக்டருக்கா படிக்கிறே?" இல்லை என்றால், "ஓ, கண்ணாடிக் கடையா!" நாங்கள் இரண்டுக்கும் நடுவில். டாக்டராக எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பும் படிக்க வேண்டும். நான் படித்தபோது எங்களுக்கு 4 வருடம். அதில் கடைசி வருடம் முழுக்க இன்டர்ன்ஷிப். ஆபரேஷன் எங்கள் வேலையில்லை. பவர் பார்ப்பது, கண் பிரஷர் அளப்பது, காண்டாக்ட் லென்ஸ் பொருத்துவது, சந்தேகம் வந்தால் உடனே டாக்டரிடம் அனுப்புவது, இவைதான்.

தியரியை எப்படியோ தாண்டிவிட்டேன். ஒளி அடித்தே கண்ணின் பவரைக் கண்டுபிடிக்கும் ரெட்டினாஸ்கோப்தான் அழவைத்தது. இருட்டறையில் கண்ணுக்குள் ஒளிக்கோட்டை அடித்து அசைத்தால், கண்மணிக்குள் ஒரு செந்நிற ஒளி நகரும். கூடவே நகர்ந்தால் பிளஸ் லென்ஸ், எதிராகப் போனால் மைனஸ். நகராமல் மொத்தமாக மின்னும்போது நிறுத்த வேண்டும். மாதக்கணக்கில் எனக்கு எல்லாம் ஒரே சிவப்பாகத்தான் தெரிந்தது. பிடிபட்ட பிறகு வேறு கூத்து. 67 செ.மீ. தள்ளி உட்கார்ந்து பார்ப்பதால், கிடைத்த பவரில் ஒன்றரையைக் கழிக்க வேண்டும். ஒருநாள் மறந்துவிட்டேன். மைனஸ் ஒன்று வேண்டியவருக்கு பிளஸ் அரை! சார் ஒன்றும் திட்டவில்லை. எனக்கே பிளஸ் ஒன்றரையை மாட்டிவிட்டு, "வராண்டா கடைசிவரை நடந்துட்டு வா" என்றார். அதற்கப்புறம் மறந்ததில்லை.

இன்டர்ன்ஷிப்பில் ஒரு ஏழு வயதுப் பையன். இரண்டு கண்ணையும் திறந்து வைத்து எல்லா வரியும் படித்தான். இடது கண்ணை மூடினேன், பேசாமல் இருந்தான். வலதை மூடியதும் என் கையைத் தட்டிவிட்டான். ஃபோகஸ் செய்யும் தசையை அடக்கும் சொட்டு போட்டுப் பார்த்தால் வலது பிளஸ் ஒன்று, இடது பிளஸ் ஐந்து. சோம்பேறிக் கண், அதாவது மூளை பயன்படுத்தாமல் விட்ட கண். டாக்டர் கண்ணாடி எழுதி, வலது கண்ணில் தினமும் சில மணி நேரம் பேட்ச் ஒட்டச் சொன்னார். "நல்லா இருக்கிற கண்ண எதுக்குத் தம்பி மூடணும்?" என்று அவன் அம்மா என்னைத்தான் கேட்டார். அதை மூடினால்தான் சோம்பேறிக் கண் வேலை செய்யும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். இந்த வேலையில் பாதி பேச்சுதான்.

இன்னொரு பாதி, பேச்சை நம்பாமல் இருப்பது. முகாமில் பூக்கட்டும் பாட்டி ஒருவர், வெள்ளெழுத்து. எந்த லென்ஸ் போட்டாலும் "நல்லாருக்கு ராசா". பிளஸ் இரண்டரையில் கடைசி வரி வரை படித்தும் விட்டார். கூடையில் மல்லிகை இருந்தது, கட்டிக் காட்டச் சொன்னேன். மடியில் வைத்துக் கட்டுகிறவர், முகத்தருகே தூக்கிக்கொண்டார். அந்த பவர் 40 செ.மீ.க்கு. அவர் மடியோ அதைவிடத் தள்ளி. இரண்டாகக் குறைத்தேன். கை தானாக மடிக்கு இறங்கியது.

"இதுக்கா என்னை அம்புட்டு எழுத்து படிக்க வச்சே?" என்றார்.